அமீனா என்பது ஆளா, பெயரா?

வாசகர் கேள்வி – பதில்: நீதிமன்றச் சொற்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சொல்லைச் சுற்றியே இருந்தன. வீட்டுக் குழந்தையின் பெயர், பழைய பத்திரத்தில் கிடந்த ஒரு வரி, வாசலில் வந்து நிற்கிற நீதிமன்ற ஊழியர் என்று எங்கே பார்த்தாலும் அமீன், அமீனா. ஆகவே அவற்றை மட்டும் தனியே எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: பேத்திக்கு அமீனா என்று பெயர் வைத்திருக்கிறோம். அக்கம்பக்கத்தில் "ஜப்தி பண்ண வந்துட்டியாம்மா?" என்று பிள்ளையைக் கேலி செய்கிறார்கள். கோர்ட் அமீனாவும் இந்தப் பெயரும் ஒன்றுதானா? பெயரை மாற்றிவிடலாமா என்று மகள் கேட்கிறாள். (ஒரு பாட்டி, காயல்பட்டினம்)

வேர் ஒன்றுதான் அம்மா. ஆனால் வெட்கப்படும்படியான வேர் இல்லை. அரபியில் அலிஃப், மீம், நூன் என்ற மூன்று எழுத்துகள் சேர்ந்தால் அச்சமின்மை, நம்பிக்கை, பாதுகாப்பு என்ற பொருள் பிறக்கும். உங்கள் ஊரில் நாள்தோறும் புழங்குகிற ‘ஈமான்’, ‘மூமின்’, ஒருவரை நம்பிக் கொடுத்து வைக்கிற ‘அமானிதம்’ எல்லாம் அந்த மூன்றெழுத்திலிருந்து வந்தவைதாம். ஒப்படைத்த பொருளைக் கெடாமல் காத்துத் திருப்பித் தருகிறவன் ‘அமீன்’. நபித்துவம் வருவதற்கு முன்பே மக்காவாசிகள் நபிகள் நாயகத்தை ‘அல்-அமீன்’ என்று அழைத்ததாக வரலாறு சொல்கிறது. அவரை எதிர்த்தவர்கள்கூடத் தங்கள் பொருளை அவரிடம்தான் கொடுத்து வைத்திருந்தார்கள் என்றும், மதீனாவுக்குப் புறப்பட்டபோது அவற்றை உரியவர்களிடம் சேர்க்க அலியை நிறுத்திவிட்டுப் போனார் என்றும் அந்த வரலாறு தொடர்கிறது.

அமீன் என்பதன் பெண்பால் ‘அமீனா’. நம்பத் தகுந்தவள் என்று பொருள். நபிகளாரின் தாயார் பெயர் இதுவன்று, அது ‘ஆமினா’. அதில் முதலெழுத்து நெடில், நடுவெழுத்து குறில். உங்கள் பேத்தியின் பெயரில் முதலெழுத்து குறில், நடுவெழுத்து நெடில். ஆமினா என்றால் அச்சமற்றவள், பாதுகாப்பில் இருப்பவள். இரண்டும் அக்கா தங்கை மாதிரி, ஒரே ஆள் இல்லை.

நீதிமன்ற ஊழியருக்கு இந்தப் பெயர் வந்ததும் அதே பொருளில்தான். பிறர் சொத்தில் கைவைக்கும் வேலையை யாரிடம் கொடுப்பது? நம்பகமானவரிடம். அதனால் அமீன். அது தமிழில் எப்படியோ ஆண்களுக்கும் ‘அமீனா’ என்று நிலைத்துவிட்டது. அரபி இலக்கணப்படி மீசை வைத்த ஓர் ஆள் அமீனா ஆகவே முடியாது. கேலி செய்கிறவர்களிடம், உங்கள் பேத்திதான் சரியான அமீனா என்றும் கோர்ட்டிலிருந்து வருகிறவர்தான் இரவல் பெயரில் திரிகிறார் என்றும் சொல்லிவிடுங்கள்.

பெயரை மாற்ற வேண்டியதில்லை, எழுத்தை மட்டும் கவனியுங்கள். பிறப்புச் சான்றில் அமீனா, பள்ளியில் ஆமினா, ஆதாரில் ஆமீனா என்று மூன்று விதமாக ஏறிவிடுவதுதான் இந்தப் பெயருக்கு நேர்கிற வழக்கமான சங்கடம். ஆங்கிலத்திலும் நடுவில் இரட்டை ‘ஈ’ போடுவதா, ஒற்றை ‘ஐ’ போடுவதா என்று இப்போதே முடிவு செய்து எல்லா இடத்திலும் அதையே எழுதுங்கள். பிறப்புப் பதிவில் பெயரே இன்னும் சேர்க்கவில்லை என்றால், பதிவான நாளிலிருந்து 12 மாதம் வரை கட்டணமில்லை. அதற்குப் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். பள்ளிச் சான்றிதழ் வரை போய்விட்ட குழப்பத்தைப் பிற்காலத்தில் சரிசெய்யப் போனால், பெரும்பாலும் அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிடுகிற வேலையில்தான் கொண்டுபோய் விடும்.

கேள்வி: தொழுகையில் சொல்கிற ஆமீனும் தேவாலயத்தில் சொல்கிற ஆமெனும்? (பாளையங்கோட்டை)

அவையும் அதே குடும்பம்தான். எபிரேயத்திலும் இந்த மூன்றெழுத்து வேர் உண்டு. ‘உறுதி, அப்படியே ஆகுக’ என்பது பொருள். அரபியில் அமீன் என்ற பெயர் குறிலில் தொடங்கும், வேண்டுதலின் முடிவில் வரும் ஆமீன் நெடிலில் தொடங்கும். பெயரை அழைக்கும்போது நெடிலாக்கினால் ஆளைக் கூப்பிடுவதற்குப் பதில் பிரார்த்தனையை முடித்துவைத்தவர் ஆவீர்கள்.

கேள்வி: தாத்தா வாங்கிய நிலத்தின் பழைய பத்திரத்தில் "கோர்ட் ஏலத்தில் எடுத்து, கோர்ட் அமீன் மூலமாய் சுவாதீனம் அடைந்து, நாளது வரை சர்வ சுதந்திர பாத்தியமாய் அனுபவித்து வரும்" என்று ஒரு வரி இருக்கிறது. அமீன் என்பவர் நிலத்தின் முந்தைய சொந்தக்காரரா? வில்லங்கம் ஏதாவது உண்டா? (தென்காசி)

சொந்தக்காரர் இல்லை. இந்த ஒரே வரியில் ஒரு வழக்கின் கடைசி அத்தியாயம் முழுவதும் இருக்கிறது. யாரோ கடன் கட்டவில்லை, வழக்கு நடந்து டிக்ரி (தீர்ப்பாணை) ஆனது, அவருடைய நிலத்தை நீதிமன்றம் ஜப்தி செய்து ஏலம் விட்டது, உங்கள் தாத்தாவுக்கு விற்றவரோ அவருக்கும் முந்தியவரோ அதை ஏலத்தில் எடுத்தார், நீதிமன்றத்தின் அமீன் வந்து நிலத்தைக் கையில் ஒப்படைத்தார். ‘சுவாதீனம்’ என்பது கைவசம். ‘நாளது வரை’ என்பது பத்திரம் எழுதிய நாள் வரை.

பழைய பத்திரத்தில் அமீன் என்று கண்டால் அது மூன்றில் ஒன்றாக இருக்கும். பக்கத்துச் சொல்லைப் பாருங்கள். முன்னால் ‘கோர்ட்’ இருந்தால், அல்லது பின்னால் ‘மூலமாய்’, ‘முன்னிலையில்’ என்று வந்தால், அது பதவி. ‘சாயபு’, ‘ராவுத்தர்’, ‘குமாரர்’ என்று ஒட்டிவந்தால் அது ஆள் பெயர். ‘அமானி’ என்று இருந்தால் ஆளே இல்லை, அது வரி வசூல் முறை. குத்தகைக்கு எடுத்தவன் வசூலித்துக் கட்டுவது இஜாரா, சர்க்காரே நேரடியாக வசூலிப்பது அமானி. இதுவும் அதே வேர்தான், நிலத்தை நம்பிக்கையாளர் வசம் வைத்திருப்பது.

உங்கள் வரியில் வில்லங்கம் இல்லை. சொல்லப்போனால் நீதிமன்ற ஏலத்தில் வந்த நிலத்துக்கு உரிமைத் தொடர்ச்சி பலமானது, தாள்கள் கையில் இருந்தால். மூன்று தாள் வேண்டும்: ஏலத்தை உறுதி செய்த உத்தரவு, நீதிமன்றம் கொடுத்த விற்பனைச் சான்று, அமீன் சுவாதீனம் கொடுத்ததற்கான ஒப்படைப்பு அறிக்கை. விற்பனைச் சான்றின் நகலைச் சார்பதிவாளருக்கு நீதிமன்றமே அனுப்பும், பதிவுச் சட்டம் 89ஆவது பிரிவின்படி அது 1ஆம் புத்தகத்தில் கோக்கப்படும். ஆகவே முதலில் சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்த ஆண்டுகளுக்கு வில்லங்கச் சான்று போடுங்கள், கைமுறையாகத் தேடும்படி கேளுங்கள். நீதிமன்றத்தில் தேடுவது அதற்கு அடுத்த படி. பத்திரத்தில் ஓ.எஸ். நெம்பரும் (மூல வழக்கு எண்) இ.பி. நெம்பரும் (நிறைவேற்று மனு எண்) இருந்தால் அவற்றைக் குறித்துக்கொண்டு நகல் பிரிவில் மனுப் போடலாம். நீங்கள் வழக்கில் தரப்பினர் இல்லை என்பதால், என்ன காரணத்துக்கு நகல் வேண்டும் என்று உறுதிமொழிப் பத்திரமும் சேர்க்க வேண்டும். பழைய கட்டுகள் காலக்கெடு முடிந்ததும் அழிக்கப்பட்டுவிடும். எனவே கட்டு கிடைக்கவில்லை என்று சொன்னால் பதிவேட்டுப் பகுதியின் நகலையாவது கேட்டு வாங்குங்கள்.

தேதியில் ஒரு கண் வையுங்கள். ஆண்டு பசலியில் (பழைய வருவாய்க் கணக்கு ஆண்டில்) இருந்தால், ஜூலை முதல் டிசம்பர் வரையிலான மாதங்களுக்கு 590, ஜனவரி முதல் ஜூன் வரை 591 கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். பசலி 1345 மாசி என்றால் 1936. இதில் ஓராண்டு தவறிப்போய், இல்லாத ஆண்டுக்கு வில்லங்கம் போட்டுவிட்டு ‘பதிவே இல்லை’ என்று கவலைப்படுகிறவர்கள் நிறையப் பேர்.

இன்னொன்று. சுவாதீனம் கொடுப்பது இரண்டு விதம். நிலத்தில் இருப்பவரை வெளியேற்றி, ஏலம் எடுத்தவரை உள்ளே நிறுத்துவது ஒன்று. நிலத்தில் சட்டப்படி குத்தகைதாரர் இருந்தால் அவரை அசைக்க முடியாது. அப்போது அமீன் நிலத்தில் விற்பனைச் சான்றின் நகலை ஒட்டி, இனிமேல் இன்னார்தான் உடைமைக்காரர் என்று ஊரறியச் சொல்லிவிட்டுப் போவார். குத்தகைதாரர் அப்படியே இருப்பார், வாரத்தை (விளைச்சல் பங்கை) மட்டும் புது ஆளுக்கு அளப்பார். உங்கள் ஒப்படைப்பு அறிக்கை எந்த வகை என்று படித்துப் பாருங்கள். இரண்டாம் வகை என்றால், அந்தக் குத்தகைதாரர் பிறகு எப்போது, எப்படி வெளியேறினார் என்பதற்கு வேறொரு தாள் இருந்தாக வேண்டும்.

கேள்வி: குடும்ப வரலாற்றில் கொள்ளுத்தாத்தாவின் தாத்தா ‘சதர் அமீன்’ என்று எழுதியிருக்கிறது. ஜப்தி ஊழியரை ஏன் இவ்வளவு பெருமையாகக் குறித்து வைத்தார்கள்? (கும்பகோணம்)

அவர் ஜப்திக்குப் போனவர் அல்லர், ஜப்திக்கு உத்தரவு போட்டவர். ‘சதர்’ என்றால் தலைமை. கம்பெனி ஆட்சியில் இந்தியர்கள் வகித்த நீதிபதிப் பதவிகளில் முன்சீப், அதற்கு மேலே சதர் அமீன், அதற்கும் மேலே பிரின்ஸிபல் சதர் அமீன். வங்காளத்தில் 1831ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டத்தால் அந்தக் கடைசிப் பதவி உண்டானது. சென்னை மாகாணத்திலும் சதர் அமீன்கள் இருந்தார்கள். 1862-ல் சென்னையில் உயர்நீதிமன்றம் வந்து பழைய சதர் அதாலத்து (கம்பெனி காலத்துத் தலைமை நீதிமன்றம்) மறைந்தது. 1873-ல் வந்த சென்னை உரிமையியல் நீதிமன்றச் சட்டம் மாவட்ட நீதிமன்றம், சார்பு நீதிமன்றம், மாவட்ட முன்சீப் என்று வரிசையை நிலைநிறுத்திய பின் ‘சதர் அமீன்’ வழக்கொழிந்தது. மாயூரம் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை, 1805 முதல் 1861 வரையிலான சதர் அதாலத்துத் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்து 1862-ல் வெளியிட்டார். அந்தக் காலத்து நீதிமன்றத் தமிழ் எப்படி இருந்தது என்று பார்க்க விரும்பினால் அதைத் தேடிப் படியுங்கள்.

ஆக 1873-க்கு முன் உள்ள தாளில் ‘சதர்’ முன்னால் வந்தால் நீதிபதி, வெறும் ‘கோர்ட் அமீன்’ என்றால் ஊழியர். ஒரே சொல் மேடைக்கு மேலேயும் இருந்தது, கீழேயும் இருந்தது.

கேள்வி: ஹைதராபாத்தில் பக்கத்து வீட்டுப் பெரியவர் போலீஸ் சப்-இன்ஸ்பெக்டரை ‘அமீன் சாப்’ என்கிறார். பீகாரிலிருந்து வந்த நண்பர் நிலம் அளப்பவரை அமீன் என்கிறார். யார் சொல்வது சரி? (செகந்திராபாத்திலிருந்து ஒரு தமிழர்)

எல்லாரும் சரி. நிஜாம் ஆட்சியில் காவல் நிலையப் பொறுப்பாளருக்கு அமீன் என்றுதான் பதவிப்பெயர். தெலங்கானாவின் பழைய தலைமுறை அதை இன்னும் விடவில்லை. முகலாயர் காலத்தில் வரியை வசூலிப்பவர் ஒருவர், எவ்வளவு வரி என்று மதிப்பிடுபவர் வேறொருவர். மதிப்பிடுபவர்தான் அமீன். வசூலிக்கிறவனே மதிப்பும் போட்டால் என்ன ஆகும் என்பது அப்போதே தெரிந்திருக்கிறது. மதிப்பிட நிலத்தை அளக்க வேண்டும், அளவுகோலும் சங்கிலியுமாகவே அந்தப் பெயர் பீகாரிலும் வங்காளத்திலும் தங்கிவிட்டது. உத்தரப் பிரதேசத்தில் இரண்டு வகை: பாக்கி வசூலிக்கிற ‘சங்க்ரஹ அமீன்’, ஜப்தி செய்கிற ‘குர்க் அமீன்’.

இந்தியாவோடு முடியவில்லை. முஸ்லிம் ஆட்சியிலிருந்த ஸ்பெயினில் எடைக்கல்லையும் அளவையையும் சரிபார்த்தவர் ‘அலமின்’. ‘அல்-அமீன்’ அப்படியே ஸ்பானிய மொழிக்குள் போய்விட்டது. துருக்கியர் இஸ்தான்புல்லின் நகரத் தலைவரை ‘ஷெஹ்ரெமினி’ என்றார்கள், அதாவது ஊரின் அமீன். இன்றைய அரபியில் ஐ.நா. பொதுச்செயலாளர் ‘அல்-அமீன் அல்-ஆம்’. பொருளாளர் ‘பெட்டியின் அமீன்’, நூலகர் ‘நூலகத்தின் அமீன்’. ரியாத்திலும் ஜித்தாவிலும் வேலை பார்க்கிற நம் ஆட்கள் குப்பை வண்டியின்மேலும் சாலைத் தட்டியிலும் ‘அமானா’ என்று பார்த்திருப்பார்கள். அங்கே மாநகராட்சிக்கு அதுதான் பெயர்.

குடும்பப் பெயராகவும் இந்தப் பதவி நிலைத்திருக்கிறது. குஜராத்தின் பட்டேல்களிடையே தேசாய் போல அமீன் என்றும் குடும்பப் பெயர் உண்டு. பரோடாவின் அலெம்பிக் மருந்து நிறுவனத்தார் அந்தக் குடும்பம்தான், முஸ்லிம்கள் அல்லர். மங்களூர், உடுப்பிப் பக்கம் பில்லவர், மொகவீரர் இடையேயும் அமீன் உண்டு. அது அவர்களின் வழிமரபுப் பெயர். கேட்க ஒன்றுபோல் இருக்கிறது என்பதற்காக அதையும் அரபியோடு முடிச்சுப் போட்டுவிட வேண்டாம். உகாண்டாவை 1971 முதல் 1979 வரை ஆண்ட இடி அமீன், 1979-ல் ஆப்கானிஸ்தானை மூன்று மாதம் ஆண்ட ஹபீசுல்லா அமீன் இருவருக்கும் அது அசல் அரபிப் பெயர். பெயருக்கும் ஆட்சிக்கும் பொருத்தம் பார்க்கக் கூடாது.

அப்பாஸிய கலீஃபா ஹாரூன் அல்-ரஷீதின் இரண்டு மகன்கள் பட்டப்பெயர் அல்-அமீன், அல்-மாமூன். இரண்டுக்கும் வேர் ஒன்றே, பொருளும் ஏறத்தாழ ஒன்றே: நம்பிக்கைக்குரியவன். யாருக்குப் பிறகு யார் என்ற உடன்படிக்கையைத் தந்தை எழுதி 802-ல் கஅபாவிலேயே தொங்கவிட்டார். ஆனாலும் 811-ல் அண்ணன் தம்பிக்குள் போர் மூண்டது. 813-ல் அல்-அமீன் கொல்லப்பட்டார்.

கேள்வி: கூட்டுறவுக் கடனுக்கு ஜாமீன் போட்டேன். வாங்கியவர் கட்டவில்லை. "அமீனா வந்து வீட்டுச் சாமான்களை அள்ளிப் போவார், தாலியைக்கூட விடமாட்டார்" என்று பயமுறுத்துகிறார்கள். உண்மையில் அவரால் என்ன செய்ய முடியும்? (தாராபுரம்)

முதலில் ஒன்று: கூட்டுறவுச் சங்கத்தின் வசூல் வேறு சட்டத்தில், அந்தத் துறையின் விற்பனை அலுவலர் வழியாகவும் வரலாம். வந்திருப்பவர் யார் என்று தாளைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். இங்கே சொல்வது உரிமையியல் நீதிமன்றத்திலிருந்து வரும் அமீனாவைப் பற்றி. இப்போது அரசுத் தமிழில் ‘கட்டளைப் பணியாளர்’, ‘கட்டளை நிறைவேற்றுநர்’ என்றெல்லாம் பெயர் உண்டு. சனம் அமீனா என்றுதான் சொல்கிறது, நாமும் அப்படியே சொல்வோம்.

அமீனா தானாக வருவதில்லை. டிக்ரி வாங்கியவர் நிறைவேற்று மனு போட்டு, பேட்டா (ஊழியரை அனுப்பும் கட்டணம்) கட்டி, நீதிபதி வாரண்ட்டில் கையெழுத்திட்ட பிறகுதான் வருவார். வாரண்ட்டில் நான்கு விஷயம் பாருங்கள்: நீதிமன்ற முத்திரை, கையெழுத்து, வழக்கு எண், இன்ன தேதிக்குள் நிறைவேற்ற வேண்டும் என்ற கெடு. கெடு தாண்டிய வாரண்ட் செல்லாது, நீட்டித்து வாங்க வேண்டும். கடன் வசூல் முகவர்கள் சிலர் ‘கோர்ட்டிலிருந்து வருகிறோம்’ என்று வாசலில் சத்தம் போடுவதுண்டு. முத்திரையிட்ட தாளைக் காட்டச் சொன்னால் சத்தம் தானாக இறங்கும். ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு, அந்த நீதிமன்றத்தில் அமீனாக்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் நாசர் பிரிவில் விசாரித்தால் உண்மை தெரிந்துவிடும்.

குடியிருக்கும் வீட்டுக்குள் சூரியன் மறைந்த பின்னும் உதிக்கும் முன்னும் அவர் நுழையக் கூடாது. வெளிக்கதவை உடைப்பதென்றால், அந்த வீடு தீர்ப்புக் கடனாளியின் (டிக்ரிப்படி பணம் கட்ட வேண்டியவரின்) வசத்தில் இருந்து, அவர் உள்ளே விட மறுத்திருக்க வேண்டும். வெளியார் முன் வராத வழக்கமுடைய பெண்கள் இருக்கும் அறை என்றால், அவர்கள் விலகிக்கொள்ள அவகாசமும் வசதியும் கொடுத்த பிறகே உள்ளே போகலாம். இவை உரிமையியல் நடைமுறைச் சட்டம் 62ஆவது பிரிவு.

எதை எடுக்க முடியாது என்பது 60ஆவது பிரிவில் இருக்கிறது. உடுதுணி, சமையல் பாத்திரம், கட்டில், படுக்கை எடுக்க முடியாது. மத வழக்கப்படி பெண் கழற்றக் கூடாத நகையை எடுக்க முடியாது. தாலி அதில் அடங்கும், தாலியோடு கோத்த பத்துச் சவரன் சங்கிலி முழுக்க அடங்கும் என்று நம்பிவிடாதீர்கள், அங்கேதான் வழக்கு வரும். தச்சரின் உளி, தையல்காரரின் மெஷின் போன்ற கைத்தொழில் கருவிகள், விவசாயியின் கலப்பை, பிழைப்புக்குத் தேவை என்று நீதிமன்றம் கருதும் மாடும் விதையும், விவசாயி குடியிருக்கும் வீடு, பி.எஃப். பணம், அரசு ஓய்வூதியம், கூலித் தொழிலாளியின் கூலி எல்லாவற்றுக்கும் விலக்கு உண்டு. டிவி, ஃபிரிட்ஜ், பைக், பீரோ, பாங்குக் கணக்கு, காலிமனை, விவசாயி அல்லாதவரின் வீடு இவற்றுக்கு விலக்கில்லை.

சம்பளத்தில் கணக்கு இப்படி. ஜீவனாம்ச டிக்ரி அல்லாத மற்றவற்றில் முதல் 1,000 ரூபாயும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் தொடக் கூடாது. பிடிக்கத்தக்க சம்பளம் 31,000 என்றால் 1,000 போக 30,000, அதில் 20,000 உங்களுக்கு, மாதம் 10,000 பிடித்தம். ஒரே டிக்ரிக்கு மொத்தம் 24 மாதம் பிடித்தாகிவிட்டால் அந்த டிக்ரிக்குச் சம்பளம் மறுபடி சிக்காது.

வீட்டிலிருக்கும் பைக் உங்கள் தம்பியுடையது என்றால் அமீனாவோடு வாக்குவாதம் செய்து பயனில்லை. அது யாருடையது என்று முடிவு செய்யும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. தம்பி தம் பேரிலேயே, ஆர்.சி. புத்தகத்தை வைத்து, அதே நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 21 விதி 58-ன் கீழ் உரிமை கோரும் மனுவை ஏலத்துக்கு முன்னால் போட வேண்டும். ஏலம் முடிந்த பிறகு போனால் அந்த மனுவை எடுக்க மாட்டார்கள். எடுத்துச் செல்லும் பொருட்களுக்குப் பட்டியல் போடச் சொல்லி, வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். ‘கலர் டிவி 1’ என்று மட்டும் எழுதினால் போதாது, கம்பெனி பெயரும் அளவும் இருக்கட்டும்.

கைது வாரண்ட் என்றால், பணக் கடனுக்காகப் பெண்ணைக் கைது செய்யவே முடியாது. ஆண்களிலும் டிக்ரித் தொகை 2,000 ரூபாய்க்கு மேற்படாவிட்டால் சிவில் சிறை இல்லை. 5,000 வரை ஆறு வாரம், அதற்கு மேல் மூன்று மாதம்தான் உச்சம். கையில் இல்லாததால் கட்டவில்லை என்பது மட்டும் சிறைக்குக் காரணமாகாது, வசதி இருந்தும் ஏமாற்றுகிறார் என்று காட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1980-ல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் சொல்லியிருக்கிறது. கைது செய்ய வந்தவரிடம் முழுத்தொகையையும் கைதுச் செலவையும் கட்டினால் அவர் அங்கேயே விட்டுவிட வேண்டும், ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள். மற்ற நேரங்களில் அமீனா கையில் பணம் கொடுக்காதீர்கள். நீதிமன்றத்தில் கட்டுங்கள். டிக்ரி வாங்கியவரிடமே நேரில் கொடுத்தால், கொடுத்த விவரம் நீதிமன்றத்தில் பதிவாக வேண்டும். அவர் பதியாவிட்டால் நீங்கள் 30 நாளுக்குள் மனுப் போட வேண்டும். பதிவாகாத பணத்தை நிறைவேற்று நீதிமன்றம் கணக்கில் எடுக்காது. பலர் இரண்டு முறை கட்டுவது இதனால்தான்.

கேள்வி: நான் டிக்ரி வாங்கியவன். அமீனா மூன்று முறை போய் "சொத்து அடையாளம் தெரியவில்லை" என்று வாரண்ட்டைத் திருப்பிவிட்டார். அவரைக் கவனிக்க வேண்டுமோ? (விருத்தாசலம்)

அவரைக் கவனிப்பதற்கு முன் உங்கள் சொத்து விவரத்தைக் கவனியுங்கள். நான்கு எல்லை இல்லை, புல எண் உட்பிரிவு மாறிவிட்டது, பக்கத்து நிலக்காரர் இறந்து பத்து வருடம் ஆகியும் எல்லையில் அவர் பெயரே இருக்கிறது. வாரண்ட் திரும்புவது பெரும்பாலும் இப்படித்தான். வாரண்ட்டில் எழுதிய வாய்க்காலைக் காணோம் என்றால் அமீனா எதை ஒப்படைப்பார்? இப்போதைய உட்பிரிவோடு புலப்பட நகல் எடுத்து, நில அளவர் துணையோடு ஒப்படைக்க உத்தரவு கேட்டு மனுப் போடுங்கள். அன்றைக்கு இடத்தைக் காட்ட நீங்களோ உங்கள் ஆளோ கூட இருக்க வேண்டும். ‘காட்டிக் கொடுக்க ஆள் இல்லை’ என்று அறிக்கை வந்தால் மனு தள்ளுபடி வரை போகும். பூட்டியிருந்தால் பூட்டை உடைக்க உத்தரவு, ஆள் மறித்தால் போலீஸ் துணைக்கும், தடையை நீக்கக் கோரும் கட்டளை 21 விதி 97-க்கும் தனித்தனி மனு. ஏலம் எடுத்தவர் என்றால் ஏலம் உறுதியான நாளிலிருந்து ஓராண்டுக்குள் சுவாதீன மனு போட்டாக வேண்டும். டிக்ரிக்கு 12 வருடம் இருக்கிறதே என்று இதைக் கோட்டைவிடுகிறவர்கள் உண்டு.

கேள்வி: ஜப்தி செய்த நிலத்துக்குத் தண்டோரா போட வேண்டும் என்கிறதே சட்டம், இப்போது யார் போடுகிறார்கள்? (பவானி)

‘பறையடித்தோ, வழக்கமான வேறு முறையிலோ’ என்பதுதான் விதி. 2022 ஆகஸ்டில் தமிழக அரசு தண்டோரா வழக்கத்தை நிறுத்தி ஒலிபெருக்கியைப் பயன்படுத்தச் சொன்னது. விதியின் இரண்டாவது பாதி அதற்கு இடம் கொடுக்கிறது. நிலத்திலும் நீதிமன்றத்திலும் நோட்டீஸ் ஒட்டுவது மட்டும் எப்படியும் நடக்க வேண்டும்.

கேள்வி: அமீன், ஜாமீன், ஜமீன் மூன்றும் ஒரே குடும்பமா? (சிவகாசி)

இல்லை. அமீன் அரபி. ஜாமீனும் அரபிதான், ஆனால் பொறுப்பேற்றல் என்ற பொருளுள்ள வேறு வேர். ஜமீன் பாரசீகம், நிலம். எதுகை மட்டுமே சொந்தம்.

கேள்வி: கோர்ட்டில் அமீனாக்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பவரை நாசர் என்கிறார்கள். அதுவும் முஸ்லிம் பெயர்தானே? (திருப்பத்தூர்)

தமிழ் எழுத்தில் மட்டும். நீதிமன்ற நாசர் ‘பார்வையிடுபவர்’, அரபியில் அந்த ‘ச’ வேறு எழுத்து, வடக்கே நாஜிர் என்பார்கள். எகிப்தின் ஜமால் அப்தெல் நாசர் பெயரில் வருவது ‘உதவுபவர்’. தமிழில் இரண்டுக்கும் ஒரே சகரம், அதனால் வந்த வினை.

கேள்வி: எங்கள் பக்கம் கோர்ட்டில் அமீனா என்றால் யாருக்கும் விளங்காது. பிஸ்கால் என்போம். இது எங்கிருந்து வந்தது? (யாழ்ப்பாணம்)

ஒல்லாந்தரிடமிருந்து (டச்சுக்காரரிடமிருந்து). அவர்களின் கம்பெனி ஆட்சியில் வழக்குத் தொடுக்கும் அதிகாரி ‘ஃபிஸ்கால்’. ஆங்கிலேயர் வந்தபின் பெயர் நின்றது, வேலை மாறி நீதிமன்றக் கட்டளையை நிறைவேற்றுவதாயிற்று. முகலாயர் நிர்வாகம் இலங்கைக்கு வரவில்லை, அதனால் அமீனாவும் வரவில்லை. உங்கள் நொத்தாரிசும் (பத்திரம் எழுதுபவர்) பிறக்கிராசியாரும் (வழக்கறிஞர்) இங்கே விளங்காமல் போவதற்கும் அதுவே காரணம். அங்கே அமீன் என்று யாரையாவது கூப்பிட்டால், ஐயமில்லாமல் அது அவருடைய பெயர்தான்.